கொங்கோ மண்டபத்தில் ஒரு பாய்ச்சல்

பயப்படத் தெரியாதவனை நான் நம்புவதில்லை. அப்படிப்பட்டவன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறவும் மாட்டேன். டுசல்டோர்ஃப் நகரத்தில் பஸ் ஓட்டிச் சீவிக்கிறவன் என்ற முறையில் இதை அதிகாரத்தோடு சொல்கிறேன். சைக்கிள்காரரைக் கண்டு நடுங்குகிற சாரதிதான் நல்ல சாரதி. ஆகவே, நான் ஒரு மிருகக்காட்சிசாலையில் பயந்துபோனேன் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், "ஓம், பயந்தான், அதுக்கென்ன?" என்று கேளுங்கள். கட்டாயம் சொல்வார்கள். கொலோனில் எனக்கொரு மச்சான் இருக்கிறார். இந்தக் கதையைச் சொல்வதற்கென்றே கல்யாணவீடுகளுக்கு நேரத்தோடு போகிறார்.

இது பாவமன்னிப்பு இல்லை. மச்சானின் கதைக்கு ஒரு திருத்தம், அவ்வளவுதான். (அவருடைய கதையில் நான் "அம்மா" என்று கத்துகிறேன். நான் கத்தியது "ஐயோ". இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.)

என் மகள் ஆரணி பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் காட்டு விலங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் ஆட்கள் "பிள்ளை என்ன செய்யிறா?" என்று விசாரித்தால், "டொக்டருக்குப் படிக்கிறா" என்பேன். பொய்யில்லை, டொக்டர் பட்டத்துக்குத்தான் படிக்கிறாள். ஒருவர் தன் முழங்கால் வலிக்கு அவளிடம் மருந்து கேட்டார். அவளும் மரியாதையாக, யானையின் முழங்கால் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாள். அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஆரணி வீட்டுக்கு வந்து, கணினியைத் தொலைக்காட்சியில் பொருத்தினாள். மத்திய ஆபிரிக்காவில், கொங்கோ ஆற்றுப் பக்கத்து மழைக்காட்டில், ஒரு வருடம் தங்கி ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும்.

"போகலாமோ எண்டு நான் கேக்கேல்லை," என்றாள். "ஆனா அம்மா அழுதுகொண்டு நிக்க நான் வெளிக்கிட மாட்டன். அதுதான் படம் காட்டுறன். பாத்துப்போட்டு அழுங்கோ."

அம்மா, அதாவது என் மனைவி வதனி, ஏற்கனவே சேலைத் தலைப்பைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தமையன், பரமேஸ் மச்சான். கொலோனிலிருந்து வரவழைக்கப்பட்டிருந்தார். கோயில் நிர்வாகசபையில் இருக்கிறவர். எங்கள் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் யாரும் ஒரு சோபாகூட வாங்குவதில்லை. மகளை ஆபிரிக்காவுக்கு அனுப்புவது சோபாவை விடக் கொஞ்சம் பெரிய விஷயம்.

முதல் படம் மேலேயிருந்து எடுத்தது. திரை முழுக்கப் பச்சை. சந்தையில் பச்சைப் பூக்கோவாவை நெருக்கி அடுக்கியதுபோல மரத்தலைகள், கண்ணுக்கெட்டிய மட்டும். நடுவே தேத்தண்ணி நிறத்தில் ஒரு ஆறு, பென்சன் எடுத்தவரைப் போல அவசரமில்லாமல் வளைந்து வளைந்து போனது. அடுத்தது காட்டின் உட்புறம். வெளிச்சமே இல்லை. சூரியன் மேலே வரிசையில் காத்துநின்று, அனுமதி கிடைத்த ஒரு சிறு துண்டு மட்டும் நிலத்துக்கு வந்து விழுந்தது. (எங்களுக்கு அந்தக் காலத்தில் விசா கிடைத்ததுபோல.) பிறகு, இருட்டு வீட்டின் கதவைத் திறந்ததுபோல, ஒரு வெட்டவெளி. தண்ணீரும் புல்லும் சேறும் பளபளவென்று கிடந்தன. அதில் யானைகள் முழங்கால் தண்ணீரில் நின்று, தும்பிக்கையை நிலத்துக்குள் விட்டு எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் யானையைச் சுடுதண்ணீரில் தோய்த்துச் சுருக்கியது போன்ற யானைகள். காது வட்டம். தந்தம் நேராக நிலத்தைப் பார்த்தது.

"இதுதான் பாய்," என்றாள் ஆரணி.

"எது பாய்?" என்று வதனி கேட்டாள்.

"இந்த இடம்தான். அங்கத்தை ஆக்கள் இதைப் பாய் எண்டுதான் சொல்லுறவை. காட்டுக்கு நடுவிலை மரமில்லாத வெளி. மண்ணிலை உப்பு இருக்கு. அதுக்காக யானையள் பாய்க்கு வரும். கொரில்லாக்கள் பாயிலை இருந்து கோரை தின்னும்."

"கோரைப்பாயோ?"

"ஐயோ அம்மா! பாயிலை கோரைப்புல் முளைக்கும். அதை வேரோடை பிடுங்கி, தண்ணியிலை அலசிப்போட்டுத் தின்னும்."

"கழுவித்தான் தின்னுமோ?" என்று வதனி கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். (நான் அப்பிளைக் கழுவாமல் தின்பவன். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற வழக்கு இது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.)

"அப்ப உனக்கு அங்கை என்ன வேலை?" என்றார் மச்சான்.

"பாய்க்குக் கரையிலை மரத்தாலை ஒரு மேடை கட்டியிருக்கினம். விடிய ஏறினால் பின்னேரம் மட்டும் அதிலை இருந்து பாயைப் பாக்கோணும். ஆர் வருகினம், ஆர் போகினம், ஆரோடை ஆர் கொழுவல் எண்டு எழுதோணும்."

"பாயைப் பாக்கிறதுக்கு ஆபிரிக்காவுக்கோ போகோணும்? என்ரை வீட்டு நிலவறையிலை ரெண்டு சுருட்டிக் கிடக்கு. வந்து பார்."

நான் சிரித்தேன். ஆரணி சிரிக்கவில்லை. அடுத்த படத்தில் சாம்பல் நிறக் கிளிகள் சுழன்று சுழன்று அந்த வெளியில் இறங்கின, யாரோ வானத்திலிருந்து சாம்பலைக் கொட்டியதுபோல. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு துளி சிவப்பு. அதைப் பார்த்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அவள் எங்களுக்குப் படம் காட்டிக்கொண்டிருக்கவில்லை. ஏற்கனவே அங்கே போய்விட்டாள். திரும்பி வந்து எங்களையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மச்சான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கோப்பையைக் கீழே வைத்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று பொருள்.

"பிள்ளை, நாங்கள் காடு கடந்துதான் இந்த நாட்டுக்கு வந்தனாங்கள். இருட்டிலை, ஒருத்தன்ரை சேட்டு நுனியை ஒருத்தன் பிடிச்சுக்கொண்டு. அந்தக் காட்டாலை வெளியிலை வந்து, கோப்பை கழுவி, உங்களைப் படிப்பிச்சு விட்டது திருப்பிக் காட்டுக்கு அனுப்பவோ?"

சொல்லக்கூடாத கதையில்லை அது. உண்மையான கதை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லி ஒரு பிள்ளையை மறிப்பது பொய் சொல்லி மறிப்பதைவிட மோசம்.

"மச்சான், அது அகதிக்காடு," என்றேன். "இது ஆராய்ச்சிக்காடு. நாங்கள் ஒளிச்சு வந்தனாங்கள். இவளைக் கூப்பிட்டு வைச்சுப் பாக்கச் சொல்லுறாங்கள். ரெண்டும் ஒண்டோ?"

"நீர் விசர்க்கதை கதையாதையும். உமக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்?"

இந்த இடத்தில் ஓநாயைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஜெர்மனிக்கு வந்த வழியில், போலந்து எல்லைக் காட்டில், ஒரு ஓநாயை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்து விரட்டியவன் என்பது எங்கள் வீட்டு வரலாறு. ஆரணிக்குச் சோறு தீத்தும்போது தொடங்கிய கதை. அவள் வளர வளர ஓநாயும் வளர்ந்தது. (அது நாயாகவும் இருந்திருக்கலாம். கழுத்தில் பட்டி கட்டிய ஓநாய்கள் போலந்தில் குறைவு என்று பின்னாளில் அறிந்தேன்.)

"ஓநாயைப் பாத்தவன் நான்," என்று எழுந்து நின்றேன். "மிருகம் ஒண்டும் செய்யாது மச்சான். அசையாமல் நிண்டால் சரி. நாளைக்கு வாரும், மிருகக்காட்சிசாலைக்குப் போவம். அங்கை கொங்கோ ஹாலே எண்டு ஒண்டு இருக்கு. கொரில்லாவுக்கு முன்னாலை நான் நிண்டு காட்டுறன்."

"அசையாமல்?"

"அசையாமல்."

"நீர் அசையாமல் நிண்டால், நான் பிள்ளைக்கு ஓம் எண்டு சொல்லுறன்."

"அண்ணை ஓம் எண்டால் நானும் ஓம்," என்றாள் வதனி.

ஆரணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எட்டு வருடம் படித்த படிப்பு தகப்பனின் தொடை நடுக்கத்தில் போய் நிற்கும் என்று எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? இரவே பானுக்குத் திரும்பப் போனவள் வாசலில் தாயிடம் ஒன்று மட்டும் சொன்னாள்: "அம்மா, அந்த ஹாலேக்குள்ளை சின்னதாய் ஒரு பாய் செய்து வைச்சிருக்கினம். அதைத் தேடிப் பாருங்கோ. நான் போற இடம் அப்பிடித்தான் இருக்கும்."

அந்த மிருகக்காட்சிசாலை எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். அவர்கள் என்னை மறந்திருக்கக்கூடும். நானாக ஏன் நினைவுபடுத்தவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை. வெளியே மூக்கு விழுந்துவிடும் குளிர். மச்சான், கோயில் தேர்த்திருவிழாவுக்கு ஜெர்மன் நகரபிதா வந்தால் மட்டும் போடுகிற நீளக் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். வதனி மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலும் கட்டிக்கொண்டு வந்தாள். கொங்கோ ஹாலே என்றால் கொங்கோ மண்டபம். மண்டபத்துக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை.

இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். திறந்ததும், இடியப்பப் பானையின் மூடியைத் தூக்கியதுபோல முகத்தில் ஆவி அடித்தது. அந்தக் கணமே என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. மச்சானுடையதும் அப்படியே. உலகத்திலேயே முதல் தடவையாக நானும் அவரும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரிப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

"எங்கையப்பா நிக்கிறீங்கள்?" என்று முன்னால் எங்கோ வதனியின் குரல். கண்ணாடி போடாதவள், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி பாயைத் தேடிப் போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் தடவித் தடவி நடந்தோம். மேலே கண்ணாடிக் கூரை. அதை மறைத்து வளர்ந்த பெருமரங்கள், ஒன்றோடொன்று பின்னிய கொடிகள், ஆள் மறையும் அகல இலைகள். எங்கிருந்தோ பூச்சிகளின் இரைச்சல். இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக வெந்நீர் கழுத்துக்குள் விழுந்தது. ஒரு பறவை என் காதை உரசிக்கொண்டு பறந்தது. நான் குனிந்தேன். (குனிந்தேன் என்றால் குனிந்தேன். மச்சான் சொல்வதுபோல் அவருடைய கோட்டுக்குள் புகவில்லை. கோட்டைப் பிடித்தேன். அது குளிருக்கு.)

"அசையிறீர்," என்றார்.

"இன்னும் கொரில்லா வரேல்லை. கணக்கு அதுக்குப் பிறகுதான்."

பாதை ஒரு மரப்பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர், சேறு, புல். பாலத்தின் நடுவில் நின்று நான் கண்ணாடியைக் கழற்றி, சேட்டின் நுனியால் துடைக்கத் தொடங்கினேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் பஸ்ஸும் வாழைமரமும் ஒன்று. அந்த நேரம் பார்த்து, என் முதுகுக்குப் பின்னால், ஒரு எட்டுத் தூரத்துப் புதருக்குள்ளிருந்து ஒரு யானை பிளிறியது.

சின்னப் பிளிறல் இல்லை. தகரக் கூரையைக் கிழிக்கிற பிளிறல். பாலம் அதிர்ந்தது. (நான் அதிர்ந்ததைப் பாலம் அதிர்ந்ததாகவும் எடுத்திருக்கலாம்.) அதே கணத்தில் முன்னாலிருந்து, தன் வாழ்நாளில் ஒருபோதும் கத்தாத வதனி, உயிர்போகிற மாதிரிக் கத்தினாள்:

"என்னப்பா! பாய்! பாய்!"

தமிழில் பாய் என்ற சொல்லுக்குப் பொருள் மூன்று. படுக்கிற பாய் ஒன்று. வள்ளத்தில் கட்டுகிற பாய் ஒன்று. மூன்றாவது வினைச்சொல், அதுவும் கட்டளை. பின்னால் யானை, முன்னால் மனைவி, நடுவில் கண் தெரியாத நான். இந்த நிலையில் ஒருவன் எந்தப் பொருளைத் தெரிந்தெடுப்பான்? எழுந்து நின்று சொல்லட்டும், பார்க்கலாம். இலக்கணப்படி நடந்தவனைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள்!

பாய்ந்தேன்.

பாயும்போது இடதுகைக்கு ஒரு பிடி தேவைப்பட்டது. மச்சானின் தலை அந்த இடத்தில் இருந்தது. அவர் பாலத்தில் அப்படியே சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். நான் கைபிடிக் கம்பிக்கு மேலால், இந்த வயிற்றோடு, இந்த வயதில், ஒரு சொட்டுக்கூடத் தயங்காமல் போய், "ஐயோ" என்ற ஒரே சொல்லோடு தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால் ஆழம். அதற்குக் கீழே சேறு. சேறு என் சப்பாத்து இரண்டையும் அன்போடு பிடித்துக்கொண்டது.

கையிலிருந்த கண்ணாடியை மூக்கில் வைத்தேன். தண்ணீர் வழிந்த கண்ணாடிக்கூடாகப் பார்த்தால், எனக்கு முன்னால், என்னுடைய அதே தண்ணீரில் கால் வைத்தபடி, ஒரு கொரில்லா.

ஆண். முதுகு வெள்ளி. தலை ஒரு குத்துவிளக்கின் உச்சிபோலக் கூராக எழும்பி நின்றது. தோள் எங்கள் பஸ்ஸின் முன் கதவை அடைக்கும். கையை நிலத்தில் ஊன்றி, சாவகாசமாக நடந்து வந்து, என் எதிரில் உட்கார்ந்து, என்னைப் பார்த்தார். (கண்ணைப் பார்த்தபிறகு "அது" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.) பழுப்புக் கண்கள். அதில் கோபமில்லை. ஒரு அரச அலுவலகத்தில் தப்பான வரிசையில் நின்றவனை உத்தியோகத்தர் பார்க்கிற பார்வை.

இப்போது எல்லோரும் கவனிக்கவேண்டும். நான் அசையவில்லை. மச்சான் கேட்டது அதுதானே? கொரில்லாவுக்கு முன்னால் அசையாமல் நிற்கவேண்டும். நின்றேன். மயிர்கூட அசையவில்லை. (கால் சேற்றில் புதைந்திருந்தது வேறு விஷயம். நிபந்தனையில் சேற்றைப் பற்றி ஒன்றும் இல்லை.)

மேலே பாலத்தில் ஓடிவந்த காலடிச் சத்தம். பச்சைச் சட்டை போட்ட ஒரு இளம் பெண், மிருகங்களைப் பராமரிக்கிறவள், ஜெர்மனில் கூப்பிட்டுக் கேட்டாள்: "உங்களுக்குக் காயமா?"

தினமும் ஜெர்மனில் சண்டை பிடிக்கிறவன் நான். பஸ்ஸுக்குள் கபாப் தின்கிறவர்களை இலக்கணப் பிழையில்லாமல் இறக்கிவிடுகிறவன். அந்த ஜெர்மன் எங்கே போனது? டெர், டீ, டாஸ் என்று ஜெர்மன் இலக்கணத்தில் பாடமாக்கிய மூன்றும் தண்ணீரில் கரைந்துவிட்டன. வாயில் மிஞ்சியது ஒரே சொல்.

"ஓம்," என்றேன்.

"காயமா? எங்கே?"

"ஓம்."

"உங்களால் காலைத் தூக்க முடிகிறதா?"

"ஓம்ம்." தூக்கவில்லை.

அடிவயிற்றிலிருந்து, நடுங்கி, இழுபட்டு வந்த ஓம் அது. அதைக் கேட்டதும் கொரில்லா தலையைச் சரித்தார். பிறகு அவருடைய தொண்டையின் ஆழத்திலிருந்து, பழைய டீசல் என்ஜின் சூடேறுவதுபோல, ஒரு சத்தம் வந்தது.

"ம்ம்ம்ம்."

"ஓம்ம்ம்," என்றேன் நான். வேறு என்ன சொல்ல?

"ம்ம்ம்ம்ம்," என்றார் அவர்.

பச்சைச் சட்டைப் பெண் கைபிடியில் சாய்ந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அற்புதமாகச் செய்கிறீர்களே! எல்லாம் நலம், நான் பேசாமல் சாப்பிடுகிறேன் என்று கொரில்லாக்கள் சொல்லிக்கொள்வது அப்படித்தான். எங்கே பழகினீர்கள்?"

நான் மெதுவாகக் கையை நீட்டினேன். கெஞ்சுவதற்கா, கும்பிடுவதற்கா என்று இன்றைக்கும் தெரியாது. விரல் ஏதோ குளிர்ந்த, வழுவழுப்பான ஒன்றில் முட்டியது.

கண்ணாடி. அரையடி தடிப்பான கண்ணாடிச் சுவர், தண்ணீருக்குள் இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குளம்போலத் தெரியும்படி கட்டியிருந்தார்கள். பாழாய்ப்போன ஜெர்மன்காரர் அதை ஒரு தூசி இல்லாமல் துடைத்தும் வைத்திருந்தார்கள்! என்னுடைய பக்கத்துக் குளத்தில் இருந்தவை: புல், சேறு, நான். பக்கத்து நடைபாதையில் நின்ற ஒரு சின்னப் பெண் தாயிடம் கேட்டாள்: "இந்த மாமா இங்கே புதுசா?"

"பழகினது யாழ்ப்பாணத்திலை," என்று பச்சைச் சட்டைக்குத் தமிழிலேயே பதில் சொன்னேன். ஜெர்மன் இன்னும் திரும்பி வரவில்லை.

அவளும் இன்னொருவரும் என் அக்குளில் கைகொடுத்து இழுத்து ஏற்றினார்கள். ஒரு சப்பாத்து கொங்கோவிலேயே தங்கிவிட்டது. அப்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வதனி கடைசியில் பாயைக் கண்டுபிடித்திருக்கிறாள். பாலத்தின் மறுகரையில் ஒரு பலகை. அதில் பெரிய எழுத்தில் பாய் என்று ஜெர்மனில் எழுதி, கீழே ஒரு பொத்தான். மகள் சொன்ன இடத்தைக் கண்ட சந்தோஷத்தில் பொத்தானை அமத்தியிருக்கிறாள். யானை பிளிறிய ஒலிபெருக்கி புதருக்குள், என் முதுகுக்குப் பின்னால்.

"நான் பாயைக் கண்டிட்டன் எண்டெல்லோ கூப்பிட்டனான்!" என்றாள்.

மச்சான் இன்னும் பாலத்தில் உட்கார்ந்திருந்தார். கோட்டின் கீழ்ப்பாதி என் பாய்ச்சலில் தெறித்த தண்ணீரில் நனைந்து, கோயில் நிர்வாகசபையின் மதிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. "இஞ்சை பாரும்," என்று தொடங்கினார். "என்ரை தங்கச்சி தன்ரை புருசனைப் பாத்துப் 'பாய்' எண்டு சொல்லுவாளோ? 'பாயுங்கோ' எண்டெல்லோ சொல்லியிருப்பாள்! அந்த அறிவுகூட உமக்கு இல்லையோ?"

நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் நான் வாங்கோ, போங்கோ, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோதான்.

"உயிர் போற நேரத்திலை மரியாதை பாக்கேலாது எண்டு மனுசி நினைச்சிருப்பா எண்டு நான் நினைச்சன்," என்றேன்.

"நீர் அசைஞ்சிட்டீர். கதை முடிஞ்சுது. பிள்ளை போகேலாது."

"நான் அசைஞ்சது யானைக்கு. கொரில்லாவுக்கு அசையேல்லை!"

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பாலத்தில் ஈரக் காற்சட்டையோடு, ஒற்றைச் சப்பாத்தோடு நின்று சண்டை பிடித்தேன். என் பிள்ளையின் ஒரு வருடம் என் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நானே சேற்றில் போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சாம்பல் கிளிகளும், அவளுடைய முகமும் ஞாபகம் வந்தன. "எனக்குப் பயம் எண்டால் அவளுக்கும் பயமோ?" என்று கத்தினேன். "நான் பயந்தாங்கொள்ளி. ஒத்துக்கொள்ளுறன். அவள் என்னத்துக்கு அதுக்குத் தண்டம் கட்டோணும்?"

வதனி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பக்கம் கொரில்லா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு லீக்ஸ் தண்டை எடுத்து, மண் போகத் தன் முழங்கையில் மேலும் கீழுமாகத் துடைத்து, உற்றுப் பார்த்து, இன்னும் ஒருமுறை துடைத்து, பிறகு கடித்தார்.

வதனி சிரிக்கத் தொடங்கினாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் வருடக்கணக்காகக் கேட்டதில்லை. சேலைத் தலைப்பு ஒரு வழியாகப் பயன்பட்டது, சிரித்து வந்த கண்ணீரைத் துடைக்க.

"அண்ணை, பாருங்கோ," என்றாள். "அது கத்தேல்லை. அது பாயேல்லை. ஆரின்ரை தலையையும் பிடிச்சுத் தள்ளேல்லை. சாப்பாட்டைத் துடைச்சுத் தின்னுது. இவரோடை நான் இவ்வளவு காலம் குடும்பம் நடத்திறன். அதோடை என்ரை பிள்ளை ஒரு வருசம் இருக்கமாட்டாளோ?"

"வதனி, நான் இன்னும் ஓம் சொல்லேல்லை," என்றார் மச்சான்.

"நீங்கள் ஆறுதலாய்ச் சொல்லுங்கோ அண்ணை." கைப்பேசியை எடுத்தாள். "பிள்ளை? அம்மா. போயிட்டு வா. ஓம். ஓம், மெய்தான். அப்பாவோ? அப்பா நல்லாய் நிண்டவர். பிறகு சொல்லுறன்."

கோப்பையைக் கீழே வைப்பதற்கு மச்சானின் கையில் கோப்பை இல்லை. ஒரு மட்டன் ரோல்ஸை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கடித்தார். அவருடைய வாயிலிருந்தும் "ம்ம்ம்" என்றுதான் வந்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

பச்சைச் சட்டைப் பெண் இரக்கப்பட்டு, வேலைக்காரர் போடுகிற பச்சைக் காற்சட்டை ஒன்றும் ரப்பர் சப்பாத்தும் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் மூன்று குடும்பங்கள் என்னிடம் பென்குயின் எங்கே என்று கேட்டன. வலது பக்கம் என்றேன். ஏதாவது ஒரு வலது பக்கத்தில் பென்குயின் இருந்திருக்கும்.

அந்தப் பாலத்தில் இப்போது ஒரு புது அறிவிப்பு இருக்கிறது என்று கேள்வி. தண்ணீருக்குள் இறங்கவேண்டாம் என்று எழுதி, கம்பிக்கு மேலால் பாய்கிற ஒரு ஆளின் படமும் போட்டிருக்கிறார்களாம். அந்த ஆளுக்கு வயிறு இருக்கிறதாம். என் அனுமதியைக் கேட்கவில்லை. பரவாயில்லை.

ஆரணி போனாள். மேடையில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை, தொடர்பு கிடைக்கிற இடத்துக்கு வரும்போது குரல்பதிவு அனுப்புவாள். முதல் பதிவில் பேச்சே இல்லை. மழை ஓய்ந்த காட்டின் சொட்டுச் சத்தம். தண்ணீரில் யாரோ அளைகிற சத்தம். பிறகு தூரத்தில், ஆழமாக, ஒன்று. "ம்ம்ம்ம்."

"உங்கடை குரல்தானப்பா," என்றாள் வதனி. இப்போது வீட்டில் நான் எதற்கு ஓம் சொன்னாலும், அது மனுச ஓமோ, மற்ற ஓமோ என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் நம்புகிறார்கள்.

அதோடு விட்டார்களா? பாய்க்கு வருகிற கொரில்லாக்கள் ஒவ்வொன்றுக்கும் ஆராய்ச்சிக்காரர் பெயர் வைப்பார்களாம். புதிதாக ஒருவர் வரத் தொடங்கியிருக்கிறார். நடுத்தர வயது. முதுகு வெள்ளி, வயிறு பெரிது. பெயர் வைக்கிற முறை என் மகளுக்கு வந்தது. அவள் வைத்த பெயர் அப்பா. அங்கே வேலை செய்கிற பிரெஞ்சுக்காரர், அந்த ஊர்க்காரர், எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "அப்பா இண்டைக்கு நேரத்தோடை வந்திட்டார். அப்பா தனிய இருந்து கோரை தின்னுறார். அப்பா கழுவாமல் தின்னுறார்." அத்தனையும் எங்கள் குடும்பக் குழுவில் வருகிறது. கனடா, லண்டன், கொலோன் எல்லா இடமும் வாசிக்கிறது.

போன கிழமை வந்த செய்தியை மச்சான் இதுவரை இரண்டு கல்யாணவீடுகளில் சொல்லிவிட்டார். காட்டுக்குள்ளிருந்து யானை ஒன்று பிளிறியதாம். மற்றக் கொரில்லாக்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தின்றுகொண்டே இருந்தனவாம். அப்பா மட்டும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடிவிட்டாராம்.

அதையும் திருத்திவிடுகிறேன். எங்கள் வம்சத்தில் யாரும் ஓடுவதில்லை. அவர் இருந்தது பாயில். யாரோ இடத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.